மனம் என்னும் ரசமட்டம்



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார்கள். "யோக தத்துவம், தியானம்" என்றேன். "என்னப்பா, ஃபைனல் இயர்ல காவி கட்டப் போறியா?" என்று ஒரே சிரிப்பு. இல்லீங்க. நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. காவி வேண்டாம், வொர்க் ஷாப் காக்கியே எனக்குப் போதும். இமயமலைக்குப் போகும் எண்ணமும் கிடையாது. திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நல்ல கம்பெனிக்கு வேலைக்குப் போனாலே எங்கள் வீட்டில் திருவிழாதான்.

பிறகு ஏன் இந்தத் தலைப்பு? காரணம் ரொம்பச் சாதாரணமானது. நாளைக்குப் பரீட்சை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகம் முன்னால் விரிந்து கிடக்கிறது. பெண்டிங் மொமென்ட் டயகிராம். கண் வரி வரியாக ஓடுகிறது. மனசு எங்கே ஓடுகிறது? இந்த மாதம் அப்பாவுக்கு ஓவர்டைம் கிடைக்குமா, ஃபீஸுக்கு வாங்கிய கடனை எப்போது அடைப்போம், மத்தியானம் அவன் ஏன் அப்படிப் பேசினான், அரியர் விழுந்தால் வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது... நாலு பக்கம் புரட்டியாயிற்று. ஒரு வரி ஏறவில்லை. இது எனக்கு மட்டும் நடக்கிறதா, உங்களுக்கும்தானா? கை தூக்கச் சொன்னால் வகுப்பே தூக்கும்!

நாம் மட்டுமல்ல, உலகமே இப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2,250 பேரை எடுத்துக்கொண்டு, அவரவர் கைபேசி வழியாக எதிர்பாராத நேரங்களில் "இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அதில் இருக்கிறதா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அதோடு, மனம் அலைகிற நேரத்தில் அவர்கள் சந்தோஷமாகவும் இல்லை. 2010-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது. அதாவது பாதி வாழ்க்கையை நாம் ஆப்சென்ட் போட்டுவிட்டுத்தான் வாழ்கிறோம். இதற்கு அட்டெண்டன்ஸ் எடுக்க எந்த சாரும் வருவதில்லை.

சரி, மனசை எப்படி அடக்குவது? "அடக்குவது" என்ற சொல்லிலேயே எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் கையிலும் இருக்கும், நம் வொர்க் ஷாப்பில் மெஷின் பெட் லெவல் பார்க்கவும் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. அது நடுவில் வந்து நிற்க வேண்டும். குமிழி ஓரமாகப் போய்விட்டது என்று யாராவது கண்ணாடி மேல் விரலை வைத்து அழுத்துவார்களா? தட்டத் தட்ட இன்னும் ஆடும். என்ன செய்கிறோம்? அடியில் இருக்கிற லெவலிங் போல்ட்டைத் திருப்புகிறோம். கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். குமிழி தானாக நடுவுக்கு வருகிறது. யோகம் என்பதை நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில் இதுதான்.

யோகத்துக்கு மூல நூல் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம். நம் ஃபார்முலா புத்தகம் மாதிரி ரொம்பச் சின்னது. நாலு பாகம், மொத்தம் 196 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 195). பதஞ்சலி தில்லையில் நடராஜர் ஆட்டத்தைக் கண்டவர் என்று நம் தமிழ்நாட்டு மரபு சொல்லும். அவர் எந்தக் காலத்தவர் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதை அவர்களிடம் விட்டுவிடுவோம். நூலின் இரண்டாவது சூத்திரத்திலேயே மனிதர் விஷயத்துக்கு வந்துவிடுகிறார். சித்தத்தில் எழும் விருத்திகள் ஓய்வதுதான் யோகம் என்பது அதன் கருத்து. விருத்தி என்றால் சுழல், அலை, அசைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த விருத்திகள் ஐந்து வகை என்று அவர் பிரிக்கிறார். இதை நம்ம பாஷையில் பார்த்தால் ரொம்ப எளிது. வெர்னியர் காலிப்பரில் ரீடிங் சரியாக எடுக்கிறோம், அது பிரமாணம், சரியான அறிவு. ஜீரோ எரர் பார்க்காமல் எடுத்த ரீடிங்கை உண்மை என்று நம்புகிறோம், அது விபரியயம். இல்லாத ஒன்றை வெறும் சொல்லாலேயே கட்டி எழுப்புவது விகல்பம்: இன்டர்வியூவில் எம்.டி. நம்மைப் பார்த்து என்ன கேட்பார், நாம் எப்படி அசத்துவோம் என்று பஸ்ஸில் வரும்போது ஓட்டுகிற சினிமா இருக்கிறதே, அதுதான். அடுத்தது நித்திரை, தூக்கம். கடைசியில் ஸ்மிருதி, பழைய ஞாபகம்.

இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது இரண்டு இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஒன்று, சரியான அறிவையும் அலை என்றே சொல்கிறார். கெட்ட எண்ணத்தை விரட்டி நல்ல எண்ணத்தை வைத்துக்கொள், அதுதான் தியானம் என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். பதஞ்சலி கணக்கு அப்படி இல்லை. நல்ல அலையும் அலைதான். இரண்டாவது, தூக்கத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்! எதுவும் நினைக்காமல் மரத்துப் போய் உட்கார்ந்திருப்பதுதான் அமைதி என்றால் தூங்குகிறவன் எல்லாம் யோகி ஆகிவிட மாட்டானா? ஆகவே மனம் ஓய்வது என்பது மனம் அணைந்து போவது இல்லை. குமிழி நடுவில் நிற்கும்போது ரசமட்டம் கெட்டுப் போய்விட்டது என்று அர்த்தமா? அப்போதுதான் அது சரியாக அளக்கிறது.

அந்த நிலைக்குப் போக எட்டுப் படி. வடமொழியில் படிக்கக் கஷ்டமாக இருந்தால் தமிழுக்கு வாருங்கள். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் நம் மொழியிலேயே பாடி வைத்திருக்கிறார். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. இதில் ஆதனம் என்கிற ஆசனம் ஒன்றைத்தான் இன்று ஊரெல்லாம் யோகா என்கிறோம். ஐ.நா. சபை 2014-ல் அறிவித்து 2015 முதல் ஜூன் 21-ல் யோகா தினம் நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பேப்பரில் வரும் படம் பூராவும் தலைகீழாக நிற்கிற படம்தான். பதஞ்சலி ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்றே மூன்று சூத்திரம்! ஆடாமல் உட்கார வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். அதோடு விட்டுவிட்டார். உடம்பை ரப்பராக வளைக்கத் தெரியாதவர்கள் (நானும்தான்) மூன்றாம் படியிலேயே மனம் தளர வேண்டியதில்லை.

நம் தமிழ்நாட்டில், அதுவும் நம் காலத்துக்குப் பக்கத்தில், இதைச் சாதாரண மனிதருக்குக் கொண்டு வந்தவர்கள் உண்டு. கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1984-ல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை அமைத்த வேதாத்திரி மகரிஷியை உங்களில் பலருக்குத் தெரியும். மனவளக்கலை மன்றம் பல ஊர்களில் இருக்கிறது. 2006-ல் மறைந்தார். ஆனால் நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புவது வேறு ஒருவரை. ஏன் என்றால் அவர் நம்ம ஜாதி! பதறாதீர்கள், எஞ்சினியர் ஜாதி.

அவர் பெயர் டி.கே.வி. தேசிகாச்சார். 1938-ல் பிறந்தவர். அவருடைய அப்பா திருமலை கிருஷ்ணமாச்சார்யா (1888 - 1989). மைசூர் மகாராஜா அரண்மனையில் யோகசாலை நடத்தியவர், பி.கே.எஸ். ஐயங்காருக்கே குரு. 1950-களில் சென்னைக்கு வந்து குடியேறினார். இவ்வளவு பெரிய அப்பா வீட்டிலேயே இருந்தும், பையனுக்கு யோகத்தில் நாட்டம் வரவில்லை. எஞ்சினியரிங் படித்தார், தேறினார், வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். 1960-களின் தொடக்கம். ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு நடுத்தர வயது அம்மாள் இறங்கி ஓடிவந்து, நாமம் தரித்த அந்த வைதிகப் பெரியவரைச் சந்தோஷத்தில் அப்படியே கட்டிக்கொண்டார்! பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் அப்பாவிடம் விஷயத்தைக் கேட்டார். அந்த அம்மாளுக்குப் பல வருஷமாகத் தூக்கமே கிடையாது. மாத்திரை இல்லாமல் முடியாது. பெரியவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியால் முந்தைய இரவு மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார்.

இங்கிலீஷ் பேசத் தெரியாத அப்பா, மருந்துக்கு அடங்காத ஒன்றைச் சரிசெய்கிறார் என்றால் இதில் ஏதோ ஒரு டெக்னிக் இருக்கிறது என்று அந்த எஞ்சினியர் மூளைக்குப் பட்டது. வேலைக்குப் போகவில்லை. அப்பாவிடமே மாணவராக உட்கார்ந்தார். அப்பா நூறு வயது கண்டு மறைகிற வரை, ஏறத்தாழ 28 வருஷம் படித்துக்கொண்டே இருந்தார். 1976-ல் அப்பா பெயரில் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். தத்துவ மேதை ஜே. கிருஷ்ணமூர்த்திக்கும் யோகம் சொல்லிக்கொடுத்தார். 2016 ஆகஸ்டில் காலமானார்.

அவர்கள் வழியில் எனக்குப் பிடித்தது இரண்டு. எல்லோருக்கும் ஒரே பயிற்சி இல்லை. ஜாப் எதுவோ அதற்குத் தகுந்த டூல், அதற்குத் தகுந்த ஃபீட், ஸ்பீட். நாற்பது வயது குமாஸ்தாவுக்குக் கொடுப்பதை இருபது வயதுப் பையனுக்குக் கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று, எந்த அசைவானாலும் மூச்சோடு சேர்ந்தே நடக்க வேண்டும். மனசைக் கையால் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடிக்கலாம். அது மனசுக்குக் கைப்பிடி மாதிரி.

மனம் கலங்கினால் கூடவே என்னென்ன வரும் என்று பதஞ்சலி ஒரு சூத்திரத்தில் சொல்கிறார். துயரம், சோர்வு, உடம்பு நடுக்கம், மூச்சு தாறுமாறாகப் போவது. கொஸ்டின் பேப்பர் கைக்கு வருகிற அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். நாலும் டாண் என்று வந்து நிற்கும்! அடுத்து அவர் சொல்கிற பல வைத்தியங்களில் ஒன்று, மூச்சை நிதானமாக வெளியே விடுவது. இழுப்பதைவிட விடுவதைத்தான் முதலில் சொல்கிறார். ஏன்?

நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை, டெஸ்ட் பண்ணிப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாடி இருக்கும். இரண்டு விரலை வைத்து அதைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். நாடி கொஞ்சம் வேகமாக அடிக்கும். மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். நாடி தளரும். நம் வயதுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மூளையில் இருந்து இருதயத்துக்கு வேகஸ் என்று ஒரு நரம்பு போகிறது. அது இருதயத்துக்குப் பிரேக் மாதிரி. மூச்சை வெளியே விடும்போது அந்தப் பிரேக் கொஞ்சம் பிடிக்கிறது, உள்ளே இழுக்கும்போது விடுகிறது. அதனால், விடுகிற மூச்சை நீளமாக்கினால் பிரேக்கில் கால் வைக்கிற நேரத்தைக் கூட்டுகிறோம். செலவு? ஒரு பைசா இல்லை. ஹால் டிக்கெட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, கொஸ்டின் பேப்பர் வருவதற்குள் ஆறு மூச்சு இப்படி விடலாம். பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது.

யோகம் என்றதும் சிலர் கேட்பார்கள், "இருதயத்தையே நிறுத்துவாங்களாமே?" அதையும் அளந்து பார்த்துவிட்டார்கள். வெங்கர், பக்சி என்ற இருவர் அமெரிக்காவில் இருந்து வந்து, நம் நாட்டு டாக்டர் ஆனந்த் என்பவரோடு சேர்ந்து, இப்படிச் சொல்லிக்கொண்ட நான்கு யோகிகளை ஈ.சி.ஜி. வைத்துச் சோதித்தார்கள். 1961-ல் முடிவு வந்தது. மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கும்போது இருதயத்துக்கு வந்து சேரும் ரத்தம் குறைகிறது. கையில் நாடி கிடைக்கவில்லை, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை. ஆனால் ஈ.சி.ஜி. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. இருதயம் நிற்கவே இல்லை! இதைக் கேட்டு யோகத்தின் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. சித்திகள் சமாதிக்கு இடைஞ்சல் என்று பதஞ்சலியே மூன்றாம் பாகத்தில் எழுதி வைத்திருக்கிறார். "பத்தே நாளில் ஞாபக சக்தி, பரீட்சையில் வெற்றி" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

இனி தாரணை, தியானம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. வெல்டிங் ஷாப்பில்தான் விளங்கியது. இரண்டு பிளேட்டை முதலில் டேக் வெல்டு போடுவோம் இல்லையா? இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி. பிளேட் நழுவாமல் நிற்கும், அவ்வளவுதான். அது தாரணை, மனசை ஒரு இடத்தில் கட்டுவது. அப்புறம் விடாமல் ஒரே சீராக பீடு ஓட்டுகிறோமே, இழை அறாமல், அது தியானம். பெரியவர்கள் இதற்கு எண்ணெய் ஒழுகுவதை உவமையாகச் சொல்வார்கள். நமக்கு எலெக்ட்ரோடுதானே பழக்கம்!

முதல் நாள் வெல்டிங் பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? ஆர்க் நிற்கவே நிற்காது. கிட்டே கொண்டு போனால் ராடு ஒட்டிக்கொள்ளும், தூக்கினால் ஆர்க் அறுந்துவிடும். அறுந்ததற்காக யாராவது ராடைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனோமா? மறுபடி ஸ்டிரைக் பண்ணினோம். மறுபடி அறுந்தது. மறுபடி ஸ்டிரைக். நூறு தடவை செய்த பிறகு கை தானாக அந்த இடைவெளியைக் கற்றுக்கொண்டது. தியானத்தில் நண்பர்கள் தோற்கிற இடம் இதுதான். "நான் உக்காந்தா மனசு இன்னும் அதிகமா ஓடுதுப்பா, எனக்கு இது செட் ஆகாது" என்கிறார்கள். ஓடட்டுமே. லேத் மோட்டாரை ஆஃப் பண்ணினாலும் சக் கொஞ்ச நேரம் சுற்றத்தானே செய்யும்? ஓடியதைக் கவனித்து மூச்சுக்குத் திரும்புகிறோம் பாருங்கள், அந்தத் திரும்புவதுதான் பயிற்சி. பத்து நிமிஷத்தில் முப்பது தடவை ஓடினால், முப்பது தடவை ஸ்டிரைக் பண்ணியிருக்கிறோம். பதஞ்சலி இதற்கு அப்பியாசம் என்று பெயர் வைக்கிறார். நீண்ட காலம், இடைவிடாமல், மரியாதையோடு செய்யச் சொல்கிறார். கூடவே வைராக்கியம். அதாவது ஓடிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது. ராடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் தலபுராணம் பலருக்குத் தெரிந்ததுதான். சுந்தரர் பாடிய தலம், கொடியிடை நாயகி இருக்கும் இடம். குறும்பர்களோடு போருக்குப் போன தொண்டைமானின் யானை, முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றுவிடுகிறது. இழுக்க இழுக்கக் கொடி இறுகுகிறது. மன்னன் வாளை உருவி வெட்டுகிறான். ரத்தம் பீறிடுகிறது. வெட்டு விழுந்தது புதருக்குள் இருந்த லிங்கத்தின் மேல். அப்புறம் இறைவன் காட்சி தந்து, போரில் துணைக்கு நந்தியை அனுப்பினார் என்பது கதை. அதனால்தான் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது.

பக்தியோடு கேட்க வேண்டிய கதை, தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த நந்தியைக் கடந்து போகும்போது எனக்குத் தோன்றுவது வேறு. (இது என் சொந்தக் கற்பனை, தலபுராணத்தில் தேடாதீர்கள்.) மனசை யானை என்று நம் முன்னோர்கள் எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதன் காலில் சுற்றியிருப்பது இரும்புச் சங்கிலி இல்லை, வெறும் முல்லைக் கொடி. அப்பா திட்டிய ஒரு வார்த்தை, ஸ்டேட்டஸில் பார்த்த ஒரு படம், நாளைய இன்டர்னல் மார்க்கு. எல்லாம் கொடிதான். யானை பலத்தைக் காட்டி இழுத்தால் இறுகும். கோபத்தில் வாளை எடுத்தால் வெட்டு வேறு எங்கோ விழும். யானை ஒரு நிமிஷம் இழுப்பதை நிறுத்திவிட்டு, காலைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வைத்திருந்தால் கொடி தளர்ந்திருக்காதா?

இப்போது லெவலிங் போல்ட்டுக்கு வருகிறேன். எட்டுப் படியில் முதல் இரண்டை எல்லோரும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். இயமம்: பிறரைத் துன்புறுத்தாமை, உண்மை, திருடாமை, புலனடக்கம், பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை. இதென்ன நீதிபோதனை வகுப்பு என்று எனக்கும் தோன்றியது. ஆனால் யோசித்தால் இது பக்கா மெக்கானிக்ஸ். ஒருத்தன் வேறொருவன் ரெக்கார்டு நோட்டை அப்படியே காப்பி அடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, சாயந்திரம் கண்ணை மூடி உட்காருகிறான் என்று வையுங்கள். உள்ளே என்ன ஓடும்? வைவாவில் மாட்டிக்கொள்வோமா என்பதுதான் ஓடும். பொய் சொன்னவன் அதை ஞாபகம் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவே ஒரு ஓயாத விருத்தி. பெட் கோணலாக இருக்க, மேலே எவ்வளவு நல்ல டூல் போட்டாலும் டேப்பர்தான் வரும்.

அதோடு மனிதர்கள் விஷயத்தில் இன்னொரு போல்ட்டும் கொடுக்கிறார். சுகமாக இருப்பவனிடம் நட்பு, துன்பப்படுகிறவனிடம் இரக்கம், நல்லது செய்கிறவனைப் பார்த்து மகிழ்ச்சி, தீயவனிடம் கண்டுகொள்ளாமை. இந்த நாலும் மனசைத் தெளிய வைக்கும் என்கிறார். முதலாவதுதான் கஷ்டம். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு கேம்பஸில் வேலை கிடைத்த அன்று இதைச் செய்து பாருங்கள். பத்மாசனம் இதைவிட சுலபம்!

என் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பேர் வேண்டாம். ஏழு அரியர். "போதும்டா, டிஸ்கன்டினியூ பண்ணிட்டு டெலிவரி வேலைக்குப் போறேன், மாசம் வீட்டுக்குக் காசாவது வரும்" என்று முடிவே கட்டிவிட்டான். அவன் அம்மா வீட்டு வேலை செய்து இவனைப் படிக்க வைக்கிறார். நான் பெரிய புத்திமதி எதுவும் சொல்லவில்லை. காலையில் என்னோடு பத்து நிமிஷம் வந்து உட்காரு என்றேன். வந்தான். முதல் வாரம் பூராவும் தூங்கினான். குறட்டை வேறு! இரண்டாம் வாரம் உட்கார முடியவில்லை, காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பதஞ்சலி ஒன்பது இடைஞ்சல் சொல்கிறார்: நோய், மந்தம், சந்தேகம், அசட்டை, சோம்பல், ஆசை விடாமை, தப்பான எண்ணம், படி எட்டாமை, எட்டிய படியில் நிற்க முடியாமை. அதில் ஒவ்வொன்றாக இவனிடம் டிக் பண்ணிக்கொண்டே வந்தேன். "உன் லிஸ்ட்ல இன்னிக்கு நான் எத்தனாவது நம்பர்?" என்று அவனே கேட்பான்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் சொன்னான். "டேய், ஏழு பேப்பரையும் ஒண்ணாத்தான் நினைச்சு நினைச்சு பயந்துட்டு இருந்தேன். இன்னிக்கு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. மேத்ஸ்-2." அவன் படித்தான். இப்போது ஏழில் மூன்று போயிற்று, நாலு பாக்கி. தியானத்தால் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். படித்தான், அதனால் போயிற்று. படிக்க உட்கார முடிந்தது, அந்த அளவுக்குத்தான் தியானத்துக்குப் பங்கு. டெலிவரி வேலை பேச்சை இன்னும் அவன் முழுசாக விடவில்லை. வீட்டு நிலைமை அப்படி. அதை மூச்சுப் பயிற்சி சரிசெய்யாது.

இதோடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மனசு அலைவது வேறு, மனசுக்கு நோய் வருவது வேறு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்றே ஓடுகிறது என்றால், கண்ணை மூடித் தனியாக உட்காரும் நேரம் அது இல்லை. டாக்டரிடம் போகும் நேரம். நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம், மனநல டாக்டர் என்றாலே "கீழ்ப்பாக்கம் கேஸா?" என்று கிண்டல். வொர்க் ஷாப்பில் கையில் அடிபட்டால் ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸுக்கு ஓடுகிறோம், அதில் கிண்டல் உண்டா? 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு சேவை 2022 முதல் நடக்கிறது. போன் செலவு இல்லை, தமிழில் பேசலாம். பக்கத்து பெஞ்சில் ஒருவன் ரொம்ப நாளாகப் பேசாமல் இருந்தால் நம்பரைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், கூட உட்கார்ந்து டயல் பண்ணிக் கொடுங்கள்.

எப்படி உட்காருவது என்று கேட்கிறவர்களுக்கு, நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். சப்பணம் போட்டோ, முட்டி வலித்தால் நாற்காலியிலோ உட்காரலாம். முதுகு நேராக, ஆனால் பிளம்ப் லைன் மாதிரி விறைப்பாக வேண்டாம். கண்ணை லேசாக மூடி, முதல் இரண்டு நிமிஷம் விடுகிற மூச்சை மட்டும் நீளமாக்குங்கள். மனசுக்குள் நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடலாம். மூச்சை உள்ளே அடக்கி வைக்கிற கும்பகம் எல்லாம் புத்தகம் பார்த்துச் செய்யவே கூடாது. ஆஸ்துமா, இருதயக் கோளாறு இருப்பவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்ட பிறகே எதையும் தொடங்குங்கள். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு, மூக்கு நுனியில் காற்று போய் வருவதைக் கவனியுங்கள். உள்ளே போகும்போது கொஞ்சம் குளிர்ச்சி, வெளியே வரும்போது கொஞ்சம் சூடு. அதுதான் டேக் வெல்டு. மனசு ஓடினால் திரும்புங்கள், திட்டாமல். சத்தம் கேட்கிறதே என்று சத்தமில்லாத இடம் தேடாதீர்கள். சி.டி.எச். ரோட்டுப் பக்கம் அப்படி ஒரு இடம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரயில் ஹாரன் கேட்டால் கேட்கட்டும், அதுவும் வந்து போகிற ஒன்றுதான். சாப்பிட்டவுடன் உட்காராதீர்கள், தூக்கம் வரும். நேரம் பார்க்க போனில் பத்து நிமிஷம் அலாரம் வைத்து, போனைக் குப்புறப் போட்டு விடுங்கள்.

இப்போது நாங்கள் நாலு பேர் உட்காருகிறோம். வொர்க் ஷாப் பின்னால் வேப்பமரத்துக்குக் கீழே இருக்கும் சிமெண்டுத் திண்ணை. காலை எட்டு மணிக்கு. பாய் கிடையாது, பழைய பேப்பர்தான். காசும் கிடையாது. எலெக்ட்ரிக்கல் பிராஞ்சில் இருந்து இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திண்ணையில் இன்னும் ஆறு பேருக்கு இடம் இருக்கிறது. எட்டே காலுக்கு வாட்ச்மேன் அண்ணன் வந்து ஷட்டரைத் தூக்குவார். அந்தச் சத்தத்தில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது, அதற்குள் எழுந்து விடுவோம்.